கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு வேறொன்று: மாதிரி நிரலை நகலெடுத்து ஒட்டும்போது நடப்பது என்ன?

வலைப்பக்கத்தில் இருக்கும் மாதிரி நிரலை நகலெடுத்து, எடிட்டரில் ஒட்டி, இயக்கிப் பார்ப்பது கோடிங் படிக்கும் எல்லாரும் செய்யும் வேலை. படிவம் 1 மாணவரும் செய்கிறார், பல ஆண்டு அனுபவமுள்ள பொறியாளரும் செய்கிறார். புதிதாகப் படிப்பவர்களை அதிகம் சோர்வடையச் செய்வதும் இதே வேலைதான். பக்கத்தில் இருந்ததை ஓர் எழுத்துகூட மாற்றாமல் ஒட்டியிருப்பார்கள். ஆனால் முதல் வரியிலேயே பிழை என்று சிவப்பு எழுத்தில் செய்தி வரும்.

2017ஆம் ஆண்டு முதல் இடைநிலைப்பள்ளிப் பாடத்திட்டத்தில் ஏ.எஸ்.கே. என்று பிள்ளைகள் சொல்லும் அடிப்படைக் கணினி அறிவியல் பாடம் உள்ளது. ஸ்கிராட்ச், பைத்தான் போன்றவற்றை மாணவர்கள் அதில் தொட்டுப் பார்க்கிறார்கள். படிவம் 4, 5இல் கணினி அறிவியலை எடுப்பவர்கள் ஜாவா போன்ற மொழிகளுக்குப் போகிறார்கள். பிரிக்பீல்ட்ஸிலோ கிள்ளானிலோ டியூஷன் நிலையம் பக்கத்திலேயே இருந்தால் யாரிடமாவது கேட்டுவிடலாம். தோட்டப்புற வீட்டில் இரவு 10 மணிக்கு ஒரே ஒரு மடிக்கணினியோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு அந்த வசதி இல்லை. வீட்டில் கோடிங் தெரிந்தவர் ஒருவரும் இல்லாதபோது, 2 நாள் முயன்றும் ஓடாத 5 வரி நிரல் "நமக்கு இது வராது" என்ற முடிவில் கொண்டு போய் விட்டுவிடும். இப்படிப்பட்ட பிழைகள் பலவற்றுக்கும் பிள்ளையின் திறமைக்கும் சம்பந்தமே இல்லை. காரணம் தெரிந்தால் 5 நிமிடத்தில் சரிசெய்யக் கூடியவை அவை.

கணினி பார்ப்பது எண்களை

திரையில் தெரியும் ஒவ்வோர் எழுத்தும் கணினிக்கு ஓர் எண். இந்த எண்களுக்கான முதல் பொதுப்பட்டியல்களில் ஒன்றான ஆஸ்கி 1963இல் வெளிவந்தது. அதில் 0 முதல் 127 வரை மொத்தம் 128 இடங்கள். ஆங்கில எழுத்துகள், இலக்கங்கள், சில குறிகள் அவ்வளவுதான் அதில் அடங்கும். பைத்தான், ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட் எல்லாம் தங்கள் இலக்கணக் குறிகளை இந்தச் சிறிய பட்டியலிலிருந்துதான் எடுத்துக்கொள்கின்றன. சொற்களைச் சுற்றிப் போடும் நேரான இரட்டை மேற்கோள் குறிக்கு எண் 34. இடைவெளிக்கு 32. கழித்தல் குறிக்கு 45.

உலக மொழிகள் அனைத்துக்குமான யூனிகோடு பட்டியல் பிறகு வந்தது. இன்று அதில் 150,000 எழுத்துகள் அளவுக்கு உள்ளன. அவற்றில் பல, பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். அச்சுப் புத்தகத்தில் வரும் வளைந்த மேற்கோள் குறிகளுக்கு 8220, 8221 என்று தனி எண்கள். நீண்ட கோடு 8211. வரி முறியாமல் தடுக்கும் சிறப்பு இடைவெளி 160. அகலமே இல்லாத, கண்ணுக்குத் தெரியவே தெரியாத இடைவெளி 8203.

மனிதர் படிக்கும்போது வளைந்த மேற்கோளும் நேரான மேற்கோளும் ஒன்றுதான். பைத்தானுக்கு 34 என்பது மேற்கோள். 8220 என்பது தனக்குத் தெரியாத ஏதோ ஒன்று. வரி முழுவதும் சரியாக இருந்தாலும் அந்த ஒரு குறியால் நிரல் நின்றுவிடும்.

குறி மாறுவது எங்கே?

நிரலை எழுதியவர் பெரும்பாலும் சரியாகத்தான் எழுதியிருப்பார். இடையில் இருக்கும் மென்பொருள்கள் "அழகுபடுத்தி" விடுகின்றன.

மைக்ரோசாப்ட் வேர்டில் நேரான மேற்கோளைத் தட்டினால் அதுவே வளைந்த மேற்கோளாக மாற்றிவிடும். ஆசிரியர் பயிற்சித் தாளை வேர்டில் தயாரித்தால் அந்தத் தாளில் உள்ள நிரல் அப்போதே பழுதாகிவிடுகிறது. வலைப்பக்கங்களை உருவாக்க உலகெங்கும் பயன்படும் வேர்ட்பிரஸ் மென்பொருளும், நிரல் என்று குறிப்பிடாமல் சாதாரணப் பத்தியாக எழுதினால், இதே மாற்றத்தைச் செய்கிறது. ஐபோனில் 2017 முதல் இதற்கென்றே ஓர் அமைப்பு உள்ளது. வாட்ஸ்அப் குழுவில் கைப்பேசியிலிருந்து ஆசிரியர் தட்டி அனுப்பும் ஒரு வரி நிரல், மாணவர் கையில் வந்து சேரும்போது வேறு குறிகளோடு இருப்பதற்கு இதுவே காரணம்.

பிடிஎப் கோப்புகளில் சிக்கல் வேறு விதம். பைத்தானில் வரியின் தொடக்கத்தில் விடும் இடைவெளிக்குப் பொருள் உண்டு. எந்த வரி எந்தக் கட்டளைக்குள் அடங்கும் என்பதை அதுதான் சொல்கிறது. பிடிஎப்பிலிருந்து நகலெடுக்கும்போது இந்த இடைவெளி காணாமல் போகலாம், நீண்ட வரி இரண்டாக முறியலாம், பக்க எண்கூட நிரலுக்குள் புகுந்துவிடலாம். சில பக்கங்களில் தொடக்க இடைவெளி டேப் விசையால் போடப்பட்டிருக்கும். அதை ஒட்டிய பிறகு மாணவர் ஸ்பேஸ் விசையால் மேலும் வரிகள் சேர்த்தால், இரண்டும் கலந்துவிட்டதாகப் பைத்தான் புகார் சொல்லும்.

இன்னொரு பொதுவான தவறு, நிரலல்லாததையும் சேர்த்து எடுப்பது. பைத்தான் பாடங்களில் வரியின் முன் வரும் மூன்று அம்புக்குறிகள் "இங்கே தட்டுங்கள்" என்பதற்கான அடையாளம் மட்டுமே. வரிசை எண்களும் அப்படித்தான். அவற்றோடு ஒட்டினால் நிரல் ஓடாது.

தமிழ் கற்றுத்தந்த பாடம்

கணினியில் தமிழ் எழுதியவர்களுக்கு இந்தத் தொல்லை பழைய கதை. 1990களில் ஒவ்வொரு தமிழ் மென்பொருளும் தன் எழுத்துருவில் தமிழ் எழுத்துகளைத் தனக்குத் தோன்றிய எண்களில் வைத்திருந்தது. ஓர் எழுத்துருவில் தட்டிய கடிதத்தை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஐரோப்பிய எழுத்துகளும் குறிகளுமாகக் கொட்டும். கடிதம் சரிதான், எந்த எண் எந்த எழுத்து என்பதில்தான் இரு கணினிகளுக்கும் உடன்பாடு இல்லை.

அந்த உடன்பாட்டை உருவாக்கியதில் மலேசியத் தமிழர்களுக்குப் பங்கு உண்டு. முரசு அஞ்சல் மென்பொருளை உருவாக்கிய முத்து நெடுமாறன் மலேசியர். உலகத் தமிழ்க் கணினி ஆர்வலர்களை ஒன்றுசேர்த்த உத்தமம் அமைப்பின் சார்பில் 2001 ஆகஸ்டில் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில் நடந்தது. டிஸ்கி, டாப் போன்ற குறியாக்கங்கள் ஒரு காலம் புழங்கி, கடைசியில் எல்லாரும் யூனிகோடுக்கு வந்து சேர்ந்தார்கள். இன்று அதில் தமிழுக்கு 2944 முதல் 3071 வரை 128 இடங்கள் உள்ளன. அ என்ற எழுத்தின் எண் 2949. க என்ற எழுத்தின் எண் 2965.

ஆனாலும் பழைய சிக்கலின் மிச்சம் தமிழில் இன்னும் இருக்கிறது. கோடிங் படிக்கும் தமிழ் மாணவர்கள் அதைத் தெரிந்துகொண்டால் மற்றவர்களைவிட வேகமாக இந்த விஷயத்தைப் பிடித்துக்கொள்ளலாம். மூன்று எடுத்துக்காட்டுகள் போதும்.

முதலாவது, "கொடி" என்ற சொல்லின் முதல் எழுத்து. இதைக் ககரத்தோடு ஒகரக் குறியை ஒரே குறியாகச் சேர்த்தும் எழுதலாம். ஒற்றைக் கொம்பு, கால் என்று இரு குறிகளாகச் சேர்த்தும் எழுதலாம். திரையில் வேறுபாடே தெரியாது. ஆனால் முதலாவதில் எண்கள் 2965, 3018. இரண்டாவதில் 2965, 3014, 3006. இரண்டும் சமமா என்று பைத்தானிடம் கேட்டால் இல்லை என்று பதில் வரும்.

இரண்டாவது, கௌரி என்ற பெயர். பலர் ஔகாரக் குறிக்குப் பதிலாக ஒற்றைக் கொம்பையும் ளகரத்தையும் தட்டிவிடுகிறார்கள். வகுப்பு மாணவர் பட்டியலில் ஒரு விதமாகவும் தேடும் இடத்தில் இன்னொரு விதமாகவும் இருந்தால், அந்தப் பெயரில் யாரும் இல்லை என்று நிரல் சொல்லிவிடும்.

மூன்றாவது, தமிழ் இலக்கங்கள். தமிழில் 1ஐக் குறிக்கும் ௧ என்ற இலக்கத்தின் எண் 3047. அது பல எழுத்துருக்களில் க என்ற எழுத்தைப் போலவே தெரியும். கண் ஏமாறும் இடத்தில் கணினி ஏமாறுவதில்லை.

இதையே நிரலுக்குள் போட்டுப் பார்க்கலாம். "வணக்கம்" என்ற சொல்லில் 5 எழுத்துகள் என்று தமிழ்ப்பள்ளி மாணவர் சொல்வார். அதன் நீளம் என்ன என்று பைத்தானைக் கேட்டால் 7 என்று சொல்லும். இரண்டு புள்ளிகளையும் அது தனித்தனியாக எண்ணுகிறது. கோப்பை யுடிஎப்-8 முறையில் சேமித்தால் இந்த 7 குறிகளுக்கும் தலா 3 பைட் வீதம் 21 பைட் ஆகும். கோப்பை வேறு முறையில் திறந்தால் ஒரு தமிழ்க் குறியின் இடத்தில் மூன்று புரியாத குறிகள் வருவது இதனால்தான்.

ஓடினால் மட்டும் போதுமா?

நகலெடுத்த நிரல் பிழையில்லாமல் ஓடிவிட்டது என்பதால் அது சரியான நிரல் என்று ஆகிவிடாது. ஸ்டேக் ஓவர்ஃப்ளோ உலகெங்கும் நிரலாளர்கள் கேள்வி பதில் பகிர்ந்துகொள்ளும் தளம். அது 2021இல் தன் பக்கங்களில் நடக்கும் நகலெடுப்பை இரண்டு வாரம் கணக்கெடுத்தபோது, 4 கோடிக்கும் அதிகமான தடவை நகலெடுக்கப்பட்டது தெரிய வந்தது. கேள்விப் பக்கத்துக்கு வருவோரில் நால்வரில் ஒருவர் 5 நிமிடத்துக்குள் எதையாவது நகலெடுக்கிறாராம்.

அந்தத் தளத்தில் ஆண்ட்ரியாஸ் லுண்ட்பிளாட் என்ற ஜாவா நிரலாளர் 2010இல் ஒரு சிறு நிரலைப் பதிலாகத் தந்தார். கோப்பின் அளவை மனிதர் படிக்க எளிதாக, கிலோபைட், மெகாபைட் என்று மாற்றிக் காட்டும் நிரல் அது. அந்தத் தளத்திலிருந்து அதிகம் நகலெடுக்கப்பட்ட ஜாவா நிரல் அதுதான் என்று 2018இல் வந்த ஓர் ஆய்வு கண்டறிந்தது. அதன் பிறகு அவரே திரும்பிப் பார்த்தபோது அதில் ஒரு தவறு இருப்பது தெரிந்தது. 999,999 பைட் கொடுத்தால் 1 மெகாபைட் என்று காட்டுவதற்குப் பதிலாக 1000 கிலோபைட் என்று காட்டியது. 2019இல் அவர் அதை வெளிப்படையாக எழுதித் திருத்தினார். அதற்குள் கிட்ஹப் தளத்தில் ஆயிரக்கணக்கான இடங்களுக்கு அந்தத் தவறும் சேர்ந்து போய்விட்டிருந்தது. நகலெடுத்தவர்களில் எவரும் எல்லைக்கு அருகில் உள்ள ஓர் எண்ணைப் போட்டுச் சோதித்திருந்தால் கண்டுபிடித்திருக்கலாம்.

செயற்கை நுண்ணறிவு கருவிகள் எழுதித் தரும் நிரலுக்கும் இது பொருந்தும். ஒவ்வொரு வரியும் என்ன செய்கிறது என்று சொல்லத் தெரியாத நிரலை வீட்டுப்பாடத்தில் சேர்த்தால், ஆசிரியர் ஒரு கேள்வி கேட்டதும் மாணவர் தடுமாறுவார். மேலும், இணையத்தில் உள்ள நிரல் எல்லாம் உரிமையற்ற சொத்து அல்ல. ஸ்டேக் ஓவர்ஃப்ளோவில் உள்ளவற்றைப் பயன்படுத்தினால் எழுதியவரின் பெயரைக் குறிப்பிட வேண்டும் என்பது அதன் உரிம நிபந்தனை. எங்கிருந்து எடுத்தது என்று நிரலுக்கு மேலே ஒரு குறிப்பு வரி எழுதுவது நல்ல பழக்கம்.

ஒட்டச் சொல்லும் மோசடி

கோடிங் படிக்காதவர்களும் கவனிக்க வேண்டிய பகுதி இது. வலைப்பக்கத்தில் கண் பார்ப்பது ஒன்றாகவும், நகலெடுக்கும்போது கணினியின் நினைவில் சேர்வது வேறொன்றாகவும் இருக்கச் செய்ய முடியும். நகல் பொத்தானை அழுத்தும் நொடியில் பக்கத்தில் மறைந்திருக்கும் நிரல் உள்ளடக்கத்தை மாற்றிவிடலாம்.

2024 முதல் பல நாடுகளில் பரவிய ஒரு மோசடி இந்த வழியைப் பயன்படுத்துகிறது. "நீங்கள் மனிதர்தான் என்று உறுதிப்படுத்துங்கள்" என்று ஒரு பக்கம் கேட்கும். விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் சேர்த்து அழுத்தி, பிறகு கண்ட்ரோலோடு வி விசையை அழுத்தி, கடைசியில் எண்டர் தட்டச் சொல்லும். அப்படிச் செய்பவர், தீய மென்பொருளை இறக்கும் கட்டளையைத் தன் கையாலேயே கணினியில் ஒட்டி இயக்கிவிடுகிறார். உண்மையான எந்தச் சரிபார்ப்பும் இப்படி ஒட்டச் சொல்வதில்லை. உலாவியின் கன்சோலில் எதையாவது ஒட்டச் சொல்லி, இலவசமாக ஏதோ கிடைக்கும் என்று ஆசை காட்டுவதும் இதே வகைதான். குரோம், ஃபயர்ஃபாக்ஸ் போன்ற உலாவிகள் அங்கே ஒட்டும்போது எச்சரிக்கை காட்டுவதற்குக் காரணம் இதுவே.

நிபுணர்களும் ஏமாறக்கூடிய வழி உண்டு. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் நிக்கலஸ் பவுச்சரும் ராஸ் ஆண்டர்சனும் 2021 நவம்பரில் அதை விளக்கினார்கள். ஜாவி எழுத்து வலமிருந்து இடமாகச் செல்வதை மலேசியர்கள் அறிவார்கள். அப்படிப்பட்ட எழுத்துகளுக்காகத் திசையை மாற்றும் குறிகள் யூனிகோடில் உள்ளன. அவை கண்ணுக்குத் தெரியாது. அவற்றை நிரலுக்குள் செருகினால், படிப்பவருக்கு ஒரு வரிசையும் கணினிக்கு வேறு வரிசையும் அமையும்படி செய்யலாம் என்று அவர்கள் காட்டினார்கள். இதன் பிறகு விஷுவல் ஸ்டூடியோ கோட் எடிட்டர், தெரியாத குறிகளையும் ஒன்றுபோலத் தோன்றும் எழுத்துகளையும் பெட்டி கட்டிக் காட்டத் தொடங்கியது.

மோசடியால் பணம் பறிபோனால் தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தை 997 என்ற எண்ணில் தாமதிக்காமல் அழைக்க வேண்டும். வங்கிக்கும் உடனே தெரிவிக்க வேண்டும்.

மாணவர்கள் செய்ய வேண்டியவை

நிரல் 10 வரிக்குள் இருந்தால் ஒட்டாமல் கையால் தட்டுவதே சிறந்தது. மறைந்த குறிகள் வராது, கைக்கும் பழகும்.

நகலெடுப்பதாக இருந்தால், நிரல் பெட்டியின் மூலையில் உள்ள நகல் பொத்தானைத் தெரிந்த, நம்பகமான பக்கங்களில் பயன்படுத்தலாம். வரிசை எண்களும் அம்புக்குறிகளும் சேராமல் இருக்க அது உதவும்.

நோட்பேடில் ஒட்டி எடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். நோட்பேட் நிறத்தையும் எழுத்துருவையும் மட்டுமே நீக்கும். வளைந்த மேற்கோளும் 160ஆம் எண் இடைவெளியும் அப்படியே இருக்கும். அவற்றை எடிட்டரின் தேடி மாற்றும் வசதியால்தான் மாற்ற வேண்டும். நிரலில் இருக்கும் வளைந்த குறி ஒன்றை நகலெடுத்துத் தேடும் பெட்டியில் ஒட்டி, மாற்றும் பெட்டியில் நேரான குறியைத் தட்டினால் ஒரே சொடுக்கில் எல்லாம் மாறும். தொடக்கக் குறிக்கும் முடிவுக் குறிக்கும் தனித்தனியாகச் செய்ய வேண்டும்.

எடிட்டரின் நிறங்களைக் கவனிக்க வேண்டும். மேற்கோளுக்குள் இருக்கும் சொற்கள் தனி நிறத்தில் தெரிய வேண்டும். அந்த நிறம் வரவில்லை என்றால் மேற்கோள் குறியில் சந்தேகப்படலாம். வெற்றிடங்களைப் புள்ளிகளாகக் காட்டும் வசதியை இயக்கினால் டேப்பும் ஸ்பேஸும் கலந்திருப்பது தெரிந்துவிடும்.

பைத்தானின் பிழைச் செய்தியில் கடைசி வரியை முதலில் படிக்க வேண்டும். செல்லாத எழுத்து என்று அங்கே வந்தால் அதன் யூனிகோடு எண்ணும் கூடவே இருக்கும். அந்த எண் பதினாறின் அடிப்படையில் எழுதப்பட்டிருக்கும். 8220 என்பது அங்கே 201சி என்றும், 160 என்பது 00ஏ0 என்றும் தெரியும். அந்த எண்ணைத் தேடினால் எந்தக் குறி என்று உடனே தெரிந்துவிடும்.

ஆசிரியர்களும் பெற்றோர்களும் செய்யக் கூடியவை

நிரலை வாட்ஸ்அப் செய்தியாகவோ வேர்ட் கோப்பாகவோ அனுப்பாமல், பைத்தான் கோப்பாகவோ வெறும் உரைக் கோப்பாகவோ இணைத்து அனுப்பினால் பாதிச் சிக்கல் தீரும். வேர்டைத்தான் பயன்படுத்த வேண்டும் என்றால், தானியங்கித் திருத்த அமைப்பில் வளைந்த மேற்கோளாக மாற்றுவதை நிறுத்திவிடலாம். ஐபோனில் அமைப்புகள், பொது, விசைப்பலகை என்று சென்று ஸ்மார்ட் பங்க்சுவேஷனை அணைக்கலாம்.

கோடிங் வகுப்பு நடத்தும் ஆலயங்கள், இயக்கங்கள், பள்ளிகள் முதல் பாடத்திலேயே பழுதான ஒரு நிரலை வேண்டுமென்றே கொடுத்து, எங்கே பிழை என்று கண்டுபிடிக்கச் சொல்லலாம். பிழைச் செய்தி திட்டுவதற்காக வருவதில்லை, இடத்தைக் காட்டுவதற்காக வருகிறது என்பதைப் பிள்ளைகள் அன்றே புரிந்துகொள்வார்கள்.

கோடிங் தெரியாத பெற்றோரும் உதவ முடியும். பிள்ளை சோர்ந்து உட்கார்ந்திருந்தால் இரண்டு கேள்விகள் கேட்டால் போதும். "கடைசி வரியில் என்ன எழுதியிருக்கிறது? சத்தமாகப் படி" என்பது ஒன்று. "இதை எங்கிருந்து எடுத்தாய்? அந்த ஒரு வரியை மட்டும் நீயே தட்டிப் பார்" என்பது இன்னொன்று.